சாவியைத் திறந்தால் விளக்கு ஏன் அணைகிறது?

போன வருடம் இரண்டாம் பருவத் தேர்வு. ஆறாம் வகுப்பு அறிவியல் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ‘தொடரிணைப்பு, பக்க இணைப்பு: வேறுபடுத்துக’ என்று ஐந்து மதிப்பெண் கேள்வி. ஒரு பையன் கேள்வியை அப்படியே பார்த்து எழுதிவிட்டு, அதன் கீழே ‘தொடர் இணப்பு என்ப’ என்று எழுதி நிறுத்தியிருந்தான். மீதி இடம் காலி. சுழியம் போட்டேன். மனசு கேட்கவில்லை என்றெல்லாம் கதை விட மாட்டேன். பழகின கை, போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டது.

தாள் கொடுத்த அன்றைக்கு, எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அவன் மட்டும் மேசைக்குப் பக்கத்தில் நின்றான்.

“டீச்சர், இது எனக்குத் தெரியுமுங்க. எழுதத்தான் வரலீங்க.”

“சரி சாமி, சொல்லு பார்ப்போம்.”

“மாரியம்மன் நோம்பிக்கு சீரியல் லைட் போடுவாங்கல்லங்க? பழைய செட்டுல ஒரு பல்பு போச்சுன்னா மொத்தமும் போயிரும். வீட்டுல அப்படியில்லீங்க. அடுப்படி லைட்டு போனாலும் திண்ணை லைட்டு எரியும்.” கொஞ்சம் யோசித்தான். “இப்ப வர்ற எல்இடி செட்டு ரெண்டும் கலந்ததுங்க டீச்சர். ஒரு துண்டு மட்டும் அணையும், மிச்சம் எரியும்.”

பதினெட்டு வருடமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். சீரியல் லைட் என்ற பெயருக்குள்ளேயே தொடரிணைப்பு உட்கார்ந்திருக்கிறது என்பதை ஒரு வகுப்பிலும் நான் சொன்னதில்லை. எல்இடி பற்றி அவன் சொன்னது பாடப்புத்தகத்தில் இல்லை. துண்டுக்குள் தொடரிணைப்பு, துண்டுகளுக்கிடையே பக்க இணைப்பு. நன்றாக எழுதி ஐந்துக்கு ஐந்து வாங்கிய பிள்ளைகளில் யாரிடமாவது இதைக் கேட்டிருந்தால் பதில் வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அன்றைக்குப் பிடித்த ஒரு கேள்வி இன்னும் விடவில்லை. அந்த ஐந்து மதிப்பெண்ணில் நான் எதை அளந்தேன்? மின்சுற்றையா, எழுத்தையா?

யூடிஎல் என்ற சொல்லை அதற்கு முன்பே கேள்விப்பட்டிருந்தேன். அனைவருக்குமான கற்றல் வடிவமைப்பு என்று தமிழில் சொல்கிறார்கள். கேள்விப்பட்ட விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு பயிற்சியில் நூறு பேருக்கு மேல் ஒரே கூடத்தில் உட்கார வைத்து, திரையில் எறும்பு வரிசை மாதிரி எழுத்துகளைப் போட்டு, அதை ஒருவர் வரி விடாமல் இரண்டு மணி நேரம் வாசித்தார். ‘எல்லோரும் ஒரே விதமாகக் கற்பதில்லை’ என்ற வரியையும் அதே குரலில்தான் வாசித்தார். பின்வரிசையில் இருந்த எங்களுக்குத் திரையும் தெரியவில்லை, மைக்கும் கேட்கவில்லை. கையேட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். சுழியம் போட்ட தாளுக்குப் பிறகுதான் அந்தக் கையேட்டைத் தேடி எடுத்தேன்.

இது கட்டடக் கலையில் பிறந்த யோசனை. ரான் மேஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் சின்ன வயதிலேயே போலியோ வந்து சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். கட்டி முடித்த பிறகு ஓரமாக ஒரு சாய்தளத்தை ஒட்டவைப்பதைவிட, வரைபடம் போடும்போதே எல்லோரையும் மனதில் வைத்துப் போட வேண்டும் என்றார். அதற்கு அனைவருக்குமான வடிவமைப்பு என்று பெயர் வைத்தவரும் அவர்தான். எங்கள் பள்ளியில் சாய்தளம் இருக்கிறது. அதில் சக்கர நாற்காலி போய் நான் பார்த்ததில்லை. ஆனால் சத்துணவு ஆயா அரிசி மூட்டையை அதில்தான் இழுத்துப் போகிறார். கேஸ் சிலிண்டரும் அதில்தான் உருண்டு வருகிறது. தேர்தல் அன்றைக்கு ஊர்ப் பெரியவர்கள் அதில் ஏறித்தான் ஓட்டுப் போடுகிறார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது சறுக்கு மரம்.

அதே யோசனையைப் பாடத்துக்குக் கொண்டுவந்தது காஸ்ட் என்ற அமைப்பு. 1984இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் ஆன் மேயரும் டேவிட் ரோஸும் இருந்தார்கள். முதலில் அவர்கள், படிக்கத் திணறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கணினி வழியாகத் துணை கொடுத்து, பிள்ளையைப் புத்தகத்துக்குத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். போகப் போகத்தான் கண் புத்தகத்தின் பக்கம் திரும்பியது. வளைந்து கொடுக்காமல் நிற்பது அச்சடித்த பாடம், திருத்த வேண்டியது அதைத்தான் என்று பட்டது. அதன் வழிகாட்டு நெறிகள் 2008இல் வந்தன. மூன்றாம் பதிப்பு 2024இல் வந்தது. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அனைவருக்குமான வடிவமைப்பு என்பதற்கு விளக்கம் தருகிறது.

அந்த நெறிகளில் உட்பிரிவுகள் நிறைய. நான் எடுத்துக்கொண்டது மூன்றைத்தான். பிள்ளைக்கு இதில் ஒட்டுதல் வர என்ன வழி, பாடத்தை எத்தனை வழியில் அதன் முன்னால் வைக்கலாம், கற்றதை எத்தனை வழியில் அது காட்டலாம். இந்த மூன்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இன்றைக்கு எதைக் கற்பிக்கப் போகிறேன் என்பதை, அதை அடையும் வழியிலிருந்து பிரித்து எழுதிக்கொள்ள வேண்டும். ‘மின்சுற்று பற்றி இரண்டு பத்தி எழுதுவர்’ என்று என் பாடக்குறிப்பேட்டில் வருடக்கணக்காக இருந்தது. அதில் இலக்கு எது, வழி எது? இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டி வைத்திருந்தேன். இந்த வருடம் அதை அடித்துவிட்டு, ‘மின்னோட்டம் செல்ல முழுச் சுற்று வேண்டும் என்பதை அறிந்து காட்டுவர்’ என்று எழுதினேன். ‘எழுதுவர்’ போய் ‘காட்டுவர்’ வந்தது. அவ்வளவுதான் மாற்றம். ஆனால் அதற்குப் பிறகு பார்க்கிற இடமெல்லாம் தடையாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

முதலில் தெரிந்தது கரும்பலகை. மூன்றாவது பெஞ்சு ஓரத்தில் ஒரு பெண். எப்போதும் பக்கத்தில் இருப்பவளின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுவாள். ‘பார்த்து எழுதாதே’ என்று எத்தனை தடவை அதட்டியிருக்கிறேன். ஒரு நாள் பதினொரு மணிக்கு, பிள்ளைகள் விளையாட்டு வகுப்பில் இருந்தபோது அவள் இடத்தில் போய் உட்கார்ந்து பார்த்தேன். பலகையின் வலது பாதி முழுக்க ஜன்னல் வெளிச்சம் பட்டு வெள்ளையாக மின்னியது. ஓர் எழுத்து தெரியவில்லை. எனக்குப் பார்வைக் குறை எதுவும் கிடையாது. அடுத்த நாள் பழைய புடவை ஒன்றைக் கிழித்து ஜன்னலில் கட்டினேன். எழுதும்போதே எழுதுவதை வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். அவளுக்காகச் செய்தது, அந்த வரிசையில் இருந்த ஐந்து பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அடுத்தது சொற்கள். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்குப் பெரிய அடி விழுந்தது இங்கேதான்.

மின்சுற்றில் ஸ்விட்சைச் சாவி என்கிறோம். சாவி திறந்திருந்தால் திறந்த சுற்று, மின்னோட்டம் பாயாது. மூடியிருந்தால் மூடிய சுற்று, விளக்கு எரியும். வருடா வருடம் பாதி வகுப்பு இதை மாற்றி எழுதும். ‘கவனம் இல்லை’ என்று நானும் வருடா வருடம் திட்டுவேன். இந்த வருடம் திட்டாமல் ஒரு பெண்ணிடம் கேட்டேன். “ஏன் கண்ணு, திறந்தா லைட் எரியும்னு எழுதியிருக்க?”

“குழாயத் தொறந்தாத்தானேங்க டீச்சர் தண்ணி வரும்?”

சரிதானே. அவள் வாழ்க்கையில் திறப்பது எல்லாம் எதையோ வரவைக்கத்தான். குழாய், கதவு, கடை, வாய்க்கால் மதகு. சாவி என்றால் பூட்டு. ஸ்விட்ச் என்றால் போடுவது, அணைப்பது. யாரும் வீட்டில் ‘அந்த ஸ்விட்சை மூடு, லைட் எரியட்டும்’ என்று சொல்வதில்லை. அந்தச் சொல்லைப் பிள்ளை தன் அறிவை வைத்துப் புரிந்துகொண்டதால்தான் விடை தப்பாகிறது. மனப்பாடம் செய்பவனுக்கு இந்தச் சிக்கலே வராது.

பாம்பன் பாலம்தான் கைகொடுத்தது. பலகையில் கடல், தண்டவாளம், நடுவில் இரண்டு இறக்கையாகத் தூக்கிக்கொள்ளும் பாலம் என்று வரைந்தேன். 1914இல் திறந்த பழைய பாலம் அப்படித்தான் திறக்கும். பாலம் திறந்தால் யார் போவார்கள்? கப்பல். யார் நிற்பார்கள்? ரயில். நம் மின்னோட்டம் கப்பலா, ரயிலா? “ரயிலு!” என்று வகுப்பே கத்தியது. அப்புறம் எல்லோரும் இரண்டு கையையும் முன்னால் நீட்டி விரல் நுனிகளைத் தொட வைத்து, ‘மூடிய சுற்று’ என்றதும் சேர்க்கவும், ‘திறந்த சுற்று’ என்றதும் பிரிக்கவும் செய்தோம். ஐந்து நிமிடம் ஆனது. வருடக்கணக்காகத் திட்டியதில் போன நேரத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

ஒருத்தி மட்டும் கை தூக்கினாள். எதைக் கொடுத்தாலும் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை. “புதுப் பாலம் தொறக்காதுங்க டீச்சர், தூக்கும்.” உண்மைதான். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் மேலே போகும். அந்த மாதிரி மேலே தூக்கும் சாவி ஒன்றை அட்டையிலும் சில்வர் தாளிலும் செய்ய முடியுமா என்று கேட்டேன். அன்றைக்கு அவள் ஜன்னலைப் பார்க்கவில்லை. யூடிஎல் திணறும் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். சும்மா உட்கார்ந்து சலித்துப்போகும் பிள்ளைக்கும் என் பாடம் இத்தனை நாள் தடையாகத்தான் இருந்திருக்கிறது.

எங்களுடையது திருப்பூர் பக்கத்து ஊர். பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த பீகார், ஒடிசா குடும்பங்களின் பிள்ளைகள் வகுப்புக்கு இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அதில் ஒருவன், ஒயரைக் கையில் தூக்கிக் காட்டிப் பேரைக் கேட்டதும் “தார்” என்றான். வகுப்பு குலுங்கியது. ஒருத்தன் ரோட்டைக் காட்டினான், இன்னொருத்தன் “வாழைத்தாரா?” என்றான். அவன் முகம் சுருங்கிவிட்டது. இந்தியில் கம்பிக்கு அதுதான் பேர் என்று எனக்கு அரைகுறையாகத் தெரியும். உடனே ஒரு சார்ட்டை எடுத்தேன். முதல் கட்டத்தில் நிஜ ஒயர்த் துண்டையே ஒட்டி, பக்கத்தில் மின்கம்பி, ஒயர், தார் என்று மூன்றையும் எழுதினேன். மின்கலம், பேட்டரி. மின்சாரம், கரண்டு, பிஜ்லி. எழுதிக்கொண்டே வரும்போதுதான் கவனித்தேன், மின்கம்பி என்ற சொல் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் புதுசுதான். அவர்கள் வீட்டில் ஒயர் என்றுதான் சொல்கிறார்கள். பீகார் பையனுக்காக மாட்டிய சார்ட்டைச் சோதனையின்போது திரும்பித் திரும்பிப் பார்த்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர்ப் பிள்ளைகள்.

இதுவரை சொன்னதெல்லாம் நன்றாக நடந்தவை. மதிப்பீட்டில் சொதப்பினேன்.

பல வழிகளில் காட்ட விட வேண்டும் என்று படித்த உற்சாகத்தில், எழுதலாம், வரையலாம், செய்து காட்டலாம், பேசலாம், நடிக்கலாம், பாட்டுக் கட்டலாம் என்று எட்டு வழிகளைப் பலகையில் எழுதிப் போட்டேன். பத்தே நிமிடத்தில் வகுப்பு சந்தைக்கடை. பாட்டுக் கட்டிய குழுவின் பாட்டில் மின்சாரம் நான்கு தடவை வந்தது, சுற்று ஒரு தடவைகூட வரவில்லை. வரைந்தவர்கள் பல்புக்குக் கண்ணும் மூக்கும் வைத்திருந்தார்கள். நன்றாகப் படிக்கும் பெண் ஒருத்தி நேராகவே கேட்டாள். “இதுல எதைச் செஞ்சா டீச்சர் மார்க் ஜாஸ்தி?” நியாயமான கேள்வி. எனக்கே விடை தெரியவில்லை.

வழியைத் திறந்துவிட்டேனே தவிர, எங்கே வந்து சேர வேண்டும் என்று சொல்லவில்லை. அடுத்த வாரம் எட்டை மூன்றாக்கினேன். எழுதலாம், பெயர் குறித்த படம் வரைந்து விளக்கலாம், ஒன்றரை வோல்ட் பேட்டரியும் டார்ச் பல்பும் வைத்துச் செய்துகாட்டிச் சொல்லலாம். எதை எடுத்தாலும் மூன்று விஷயங்கள் வந்தாக வேண்டும். சுற்று எங்கே முழுமையாகிறது, ஒரு பல்பைக் கழற்றினால் மற்றதுக்கு என்ன ஆகிறது, ஏன் அப்படி ஆகிறது. இந்த மூன்றையும் முன்கூட்டியே பலகையில் எழுதி வைத்தேன். ‘ஏன்’ இல்லாத அழகான படத்துக்கு மதிப்பெண் குறைந்தது. ‘ஏன்’ இருந்த கோணல் எழுத்துக்குக் கிடைத்தது. 34 பிள்ளைகள் செய்து காட்டினால் எப்போது கேட்பது என்பீர்கள். மூன்றில் ஒரு பங்குதான் அதை எடுத்தார்கள். நாளுக்கு நான்கு பேர் வீதம் மூன்று நாளில் கேட்டு முடித்தேன். மற்றவர்கள் அந்த நேரத்தில் பயிற்சிக் கணக்கு.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கோபம் வரும். யூடிஎல் என்றதும் சிலர், இவன் பார்த்துக் கற்பவன், இவள் கேட்டுக் கற்பவள், அவன் செய்து கற்பவன் என்று பிள்ளைகளுக்குச் சீட்டு ஒட்டக் கிளம்பிவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கற்றல் பாணி உண்டு, அதற்கேற்பக் கற்பித்தால் நன்றாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று ஹேரல்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் 2008இலேயே ஆய்வுகளை அலசி எழுதிவிட்டார்கள். பாம்பன் பாலத்தைப் பார்ப்பதும், கையைச் சேர்த்துப் பிரிப்பதும், வாயால் சொல்வதும் எல்லாப் பிள்ளைக்கும்தான். ஒரே பிள்ளைக்கு ஒரு பாடத்தில் படம் உதவும், இன்னொன்றில் உதவாது. சீட்டு ஒட்டிவிட்டால் அதைக் கிழிக்க யாருக்கும் நேரம் இருக்காது.

பக்கத்து வகுப்பு சார் ஒரு நாள் டீ குடிக்கும்போது கேட்டார். “எல்லாம் சரிங்க டீச்சர். பத்தாவதுல பேப்பர்லதானே எழுதணும்? அங்கே போய் பல்பைக் கழற்றிக் காட்ட முடியுமா?”

முடியாது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில், கற்றல் குறைபாட்டுக்குச் சான்றிதழ் இருந்தால் சொல்வதை எழுத ஒருவர், கூடுதலாக ஒரு மணி நேரம் என்று சலுகைகள் உண்டு. சான்றிதழ் வாங்குவதற்குக் குறைபாடு இருப்பது முதலில் யாருக்காவது தெரிய வேண்டும். எங்கள் ஊரில் அந்தப் பிள்ளைகளுக்குப் பெயர் ‘சோம்பேறி’. சாரிடம் நான் சொன்னது இதுதான். எழுத வைக்காமல் விடவில்லை, எழுத்தைத் தனியாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். சுழியம் வாங்கிய அந்தப் பையனைப் போன வருடம் மூன்றாம் பருவம் முழுக்க முதலில் சொல்லவைத்து, சொன்னதை அவனோடு சேர்ந்து நான்கு சொற்களாகச் சுருக்கி, அந்த நான்கை வைத்து எழுத விட்டேன். முழு ஆண்டுத் தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்விக்கு நான்கு வரி எழுதினான். இரண்டரை போட்டேன். சார் “இரண்டரைதானா?” என்றார். ஆமாம், இரண்டரைதான். அவருடைய கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

அவன் இப்போது ஏழாம் வகுப்பு. இந்த வருடம் மின்னியல் பாடம் தொடங்கியது எப்படித்தான் தெரிந்ததோ, கவரில் ஒரு பழைய சீரியல் செட்டைச் சுற்றி எடுத்துக்கொண்டு இடைவேளையில் வந்தான். “பிளக்குல மட்டும் சொருகிறாதீங்க டீச்சர், ஷாக் அடிக்கும். சும்மா பிரிச்சுக் காட்டுங்க” என்று எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனான். பிளக் ஒயரை நான் வெட்டி வைத்ததால் பிள்ளைகள் ஒரு பல்பிலிருந்து அடுத்த பல்புக்கு விரலால் தடவியே போய்ப் பார்த்தார்கள்.

அடுத்து மாற்றங்கள் பற்றிய பாடம். மீள் மாற்றம், மீளா மாற்றம். நேற்றிரவு பாடக்குறிப்பு எழுத உட்கார்ந்தேன். இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஒரு புள்ளியும் ஒரு காலும்தான் வித்தியாசம். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும், அர்த்தமோ நேர் எதிர். ‘திரும்பி வரும்’, ‘திரும்பி வராது’ என்று பக்கத்தில் எழுதிக்கொண்டேன். ஐஸ் கட்டிக்குச் சத்துணவு ஆயாவிடம் சொல்லியாகிவிட்டது, அவர் வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறது. மீளா மாற்றத்துக்குத் தோசைதான் சரி என்று நினைக்கிறேன், ஆனால் 34 பேருக்கு மாவு வேண்டும்.